சாமிக்குப் பின்னால் ஒரு கதவு

தை 25, வெள்ளி

நாளை மறுநாள் கிளம்புகிறோம். அதனால் இந்த நோட்டை இன்றே தொடங்குகிறேன்.

என் பெயர் பொங்கியண்ணன். வயது எழுபத்திரண்டு. நாமக்கல்லில் லாரிகளில் முட்டை அட்டைகளை அடுக்கி ஏற்றும் வேலை பார்த்தவன். போன ஆவணி வரைக்கும் கைநாட்டு. இப்போது இதை நானே எழுதுகிறேன். 'நானே எழுதுகிறேன்' என்று எழுதிவிட்டு எழுந்து வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

எழுத்து வகுப்பு டீச்சர், தினமும் எழுதுங்கள், ஒரு வரி என்றாலும் சரி என்று சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். என் மகன் தனசேகரன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். கொஞ்ச காலமாக வேலை வரவில்லை. இடத்தைக் கோழித் தீவனக் குடோனுக்குக் கேட்டு ஒருவர் நடையாய் நடக்கிறார். சேகர் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். பழைய பஸ் ஒன்றை வாங்கி, அதற்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டான். ஆறு பேர் படுக்கலாம். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை, கக்கூஸ் எல்லாம் உண்டு. நாங்கள் அதை வீட்டு வண்டி என்கிறோம்.

ஹரித்துவாரில் நேகி என்று ஒருவர். வயதானவர்களைக் கோயில் கோயிலாக அழைத்துப் போகிற தொழில். வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாராம்: "வெறும் வண்டியாகக் கொண்டுவராதே. உன் வீட்டுப் பெரியவர்களைக் குடிவைத்து ஓட்டி வா. வழியில் லாட்ஜில் தங்கக் கூடாது. வந்த பிறகு உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன், அவர்களிடம்தான் கேட்பேன்." பெரியவர்கள் சரி என்றால் நாலு வண்டி கட்டச் சொல்வார். இல்லையென்றால் பட்டறை தீவனக் குடோன்தான். சேகர் அதை ஒளிக்காமல் எங்களிடம் சொல்லிவிட்டான்.

நான், என் மனைவி பாவாயி, சேகர், மருமகள் பூங்கொடி. கூடவே என் சிநேகிதன் அத்தியப்பனும் அவன் மனைவி நல்லம்மாளும். அத்தியப்பன் வடக்கே லாரி ஓட்டியே கிழவன் ஆனவன். இந்தி தெரியும். சேகரோடு மாற்றி மாற்றி ஓட்டுவான்.

இன்று நல்ல நேரத்தில் எங்கள் குலசாமி செல்லாண்டியம்மன் படத்தை வண்டிக்குள் மாட்டினேன். நானே ஆணி அடித்தேன். விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிய பிறகு சேகர் மெல்லச் சொன்னான்.

"அப்பா, அந்தச் செவுத்துக்குப் பின்னாலதானுங்க பாத்ரூம்."

"கக்கூஸா?"

"ஆமாங்ப்பா. படத்த வேற எடத்துல..."

விளக்கேற்றிய படத்தை எடுத்து இடம் மாற்ற அது என்ன காலண்டரா? நான் முடிவு சொன்னேன். "சாமி முதுகுக்குப் பின்னால யாரும் அங்க போவக் கூடாது. ஊருல இத்தன காலமும் காடு மேட்டுலதான் போனோம். வழியெல்லாம் காடில்லாமயா போயிரும்?"

"நேகி அதப் பத்தியும் கேப்பாருங்களே?"

"நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாப் போச்சு."

சேகர் பூங்கொடியைப் பார்த்தான். பூங்கொடி தரையைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு யாரும் மறுசொல் சொன்னதில்லை. கக்கூசைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். இடம் வீணாகாமல் உள்ளே ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் தேங்காயும் அடுக்கினேன். நான் அடுக்கினால் சரியாது.

தை 27, ஞாயிறு

கிளம்பிவிட்டோம். சன்னல் ஓரம் எனக்கு. சேலம் தாண்டும்வரை எல்லா போர்டையும் சத்தமாகப் படித்தேன். 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்.' 'மனை விற்பனைக்கு.' 'வளைவு, மெதுவாகச் செல்லவும்.' இத்தனை வருடமாக இந்த ரோடு என்னிடம் இவ்வளவு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

அத்தியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான். "டேய் பொங்கியா, ஒண்ணு உடாம இப்பிடிப் படிச்சீன்னா, அரித்துவாரு போறதுக்குள்ள என்ற காது போயிரும்."

ஓசூர் தாண்டியதும் எழுத்தெல்லாம் மாறிவிட்டது. ஒன்றுகூடத் தெரியவில்லை.

"என்றா, மறுக்காவும் கைநாட்டா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இந்த நோட்டை எடுத்து நான் எழுதியதை நானே படித்துக்கொண்டேன்.

தை 28, திங்கள்

வண்டி அசங்காமல் போகிறது. சேகர் அடித்த ஒரு ஆணிகூட முனகவில்லை. கை வலிக்கிறது. இவ்வளவுதான்.

தை 29, செவ்வாய்

கர்னூல் தாண்டினோம். நல்ல வெயில். பூங்கொடி வண்டி ஓடும்போதே சோறு ஆக்கிக் கொள்ளுப் பருப்பு கடைந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அடுப்பைச் சுற்றி சேகர் ஒரு கம்பி வைத்திருக்கிறான். பாத்திரம் நகராது. அவனுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

பாவாயி காலையில் டீ வேண்டாம் என்றாள். மத்தியானம் மோரையும் தள்ளிவிட்டாள். அவள் டீயை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

"ஏம்புள்ள, என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. வண்டி ஆடுதில்ல, வவுத்தப் பொரட்டுது."

வண்டி ஆடவே இல்லை. எருமையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்த கவலையாக இருக்கும்.

ஆண்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. புளியமரம் பார்த்து நிறுத்துகிறோம், இறங்குகிறோம், ஏறுகிறோம். பெண்கள் விடியுமுன் கருக்கலில் ஒருதரம் இறங்குகிறார்கள், இருட்டியபின் ஒருதரம். நடுவில் நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நம் பக்கத்துப் பெண்களின் கட்டுப்பாடு யாருக்கு வரும்? அத்தியப்பனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

தை 30, புதன்

ஐதராபாத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். டீசல் போட்ட பங்கில் பூங்கொடி அங்கிருந்த கக்கூஸ் வரை போய், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி திரும்பி வந்து, "பூட்டிக் கெடக்குதுங்கத்தை. தொறந்திருந்தாலும் கால வெக்க முடியாது" என்றாள். பாவாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்று நல்லம்மாளும் டீ வேண்டாம் என்றாள். மீதமான டீயை நானும் அத்தியப்பனும் குடித்தோம்.

மாசி 1, வியாழன்

அதிலாபாத் பக்கம் குளிர ஆரம்பித்துவிட்டது. இரவு பாவாயி இரண்டு கம்பளி கேட்டாள்.

மாசி 2, வெள்ளி

இன்று பெரிய நாள். நிறைய எழுத வேண்டும்.

நாகபுரி தாண்டிக் காட்டு ரோட்டில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வண்டிகள். காலையில் நின்றோம், பொழுது இறங்கும் வரை நகரவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வலை வேலி. வண்டிக்காரர்கள் எல்லாரும் இறங்கி ரோட்டில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு போர்வெல் வண்டி நின்றது. அதன் முதுகில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? தமிழ்! 'வேலவன் போர்வெல்ஸ், திருச்செங்கோடு.' அதற்குக் கீழே 'பொறுத்தார் பூமி ஆள்வார்.' நான் எழுந்து நின்று உரக்கப் படித்தேன். அந்த வண்டியின் சமையல்காரர் தலையை நீட்டினார்.

"ஏனுங்கய்யா, நம்மூருங்களா? இந்தக் காட்டுல நம்ம எழுத்தப் படிக்கிறதுக்கு ஒரு ஆளா!"

"அஞ்சு மாசமாத்தானுங்க படிக்கிறேன்" என்றேன். அவர் தன் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அவர்களுடைய வண்டியில் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் படிக்கச் சொன்னார்கள். டீசல் டேங்கின் மேல் எழுதியதைக்கூட விடவில்லை. எனக்குக் கொள்ளு ரசம் ஊற்றிக் கொடுத்தார்கள். பாவாயிக்கும் ஒரு சொம்பு கொண்டு போனேன். அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கியிருந்தாள். ரசத்தைத் தொடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நல்லம்மாள் அத்தியப்பனைத் தனியே கூப்பிட்டு என்னவோ காரமாகச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"ஏண்டா பொங்கியா, அந்தச் சாவி..."

"எந்தச் சாவி?"

"ஒண்ணுமில்ல உடு."

ரோடு திறந்தபோது பாவாயிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நல்ல காய்ச்சல். சேகர் வண்டியை விரட்டிக்கொண்டிருக்கிறான். எழுத்து கோணலாக வருகிறது.

மாசி 3, சனி

சிவனி என்ற ஊர். சின்ன ஆஸ்பத்திரி. பாவாயிக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது. கவலைப்படும்படி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் ஒரு சின்ன வயது அம்மாள். இந்தியில் என்னவோ கேட்டார். அத்தியப்பன் காது வரை சிவந்து போனான். "நீங்க வேற யாரையாச்சும் கேளுங்கம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே ஓடினான். பூங்கொடிதான் விரலையும் வயிற்றையும் காட்டி டாக்டரிடம் பேசினாள். இரண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவில் இல்லை. ஆனாலும் டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் டாக்டர் வாசலில் நின்ற என்னைத்தான் பார்த்தார்.

பிறகு பூங்கொடி என்னிடம் வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் எதிரே உட்கார்ந்து பேசாதவள், இன்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அத்தைக்கு நீர்க்கடுப்பு முத்திப் போச்சுங்க. ஊரு தாண்டுனதுல இருந்து தண்ணியே குடிக்கல."

"ஏன் குடிக்கல?"

"குடிச்சாப் போவணுமில்லீங்க? எங்க போவாங்க?"

நான் இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"நானும் குடிக்கலீங்க மாமா. நல்லம்மாக்காளும் குடிக்கல. எங்களுக்குத் தாங்குது. அத்தைக்குத் தாங்கல."

அவள் எழுந்து போய்விட்டாள். மருமகள் தைரியசாலி. இந்தத் தைரியம் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது அல்ல. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்திருக்க வேண்டும்.

சாவியைக் கயிற்றிலிருந்து எடுத்து இந்த நோட்டின் மேல் வைத்திருக்கிறேன்.

மாசி 4, ஞாயிறு

கக்கூசைத் திறந்து வெங்காயத்தையும் தேங்காயையும் வெளியே எடுத்தேன். வெங்காயம் எப்படியும் முளை விட ஆரம்பித்திருந்தது. பாதியை ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்தேன். நல்ல வெங்காயம் என்று கையைக் காட்டினார்.

எல்லாம் சரி, சாமி படம் சுவரில் இருக்கிறதே. அதற்கு என்ன செய்வது? பூசாரியைக் கேட்கலாம் என்றால் பூசாரி போனை எடுக்கவில்லை. நான் வண்டிக்குள் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி ஆஸ்பத்திரியில் குளித்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படியேறி வந்தாள். இன்னும் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்தாள். படத்தின் முன்னால் தெளித்தாள். இரண்டு கையாலும் படத்தைத் தூக்கினாள். நான் அடித்த ஆணி சுவரில் தனியாக நின்றது.

"ஏம்புள்ள, வெளக்கு வெச்ச எடமல்ல?"

"அவளும் பொம்பளதானுங்க. நவுந்து உக்காரு தாயின்னாச் சங்கடப்பட மாட்டா."

படத்தை டிரைவர் சீட்டுக்கு மேலே வைத்து, பூங்கொடியைக் கட்டச் சொன்னாள். கற்பூரம் காட்டினாள். அத்தியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இனி ரோட்டையும் அவளே பாத்துக்குவா. எனக்குப் பாதி வேல மிச்சம்" என்றான்.

நான் நிலைநிறுத்திய ஒன்றை அவள் எடுத்து மாற்றியது இதுதான் முதல் தடவை. படம் அங்கே இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிகிறது.

மாசி 5, திங்கள்

பாவாயி டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடிக்கிறாள். பூங்கொடி சொம்போடு பின்னாலேயே திரிகிறாள்.

கக்கூசுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் மருமகளிடம் எதையாவது சொல்லிக்கொண்டே வருகிறாள். நான் சன்னல் பக்கம் பார்ப்பது போல் உட்கார்ந்து கேட்டேன்.

"எந்திரிக்கப் புடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு. வண்டி வளைவுல திரும்பும்போது உசுரே போயிருது. தாப்பாளு ஒசரத்துல கெடக்குது. தண்ணிக் குழாயி முதுவுக்குப் பின்னால. சீலையத் தொங்க உட ஒரு கொக்கி கெடையாது. இதக் கட்டுனவன் ஒருநாளாச்சும் சீல கட்டி இதுக்குள்ள உக்காந்து பாத்தானா?"

"அவரு எங்கீங்கத்தை சீல கட்டுவாரு?" என்றாள் பூங்கொடி. நல்லம்மாள் உட்பட மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சேகர் வண்டியை ஓரங்கட்டி என்ன ஆயிற்று என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை.

மாசி 6, செவ்வாய்

குவாலியர். மூன்று பெண்களும் டீ குடித்தார்கள்.

மாசி 8, வியாழன்

டில்லியைத் தாண்டிவிட்டோம். நாளை மறுநாள் நேகியைப் பார்க்க வேண்டும். சேகர் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி தட்டில் சோற்றை அளைந்தபடி சொன்னான்.

"அம்மா, அவரு கேட்டா நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரு கொற வாயில வந்தாலும் போச்சு."

அத்தியப்பன் பெண்களுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தான். "பகுத் அச்சா. ரொம்ப நல்லா இருக்குதுன்னு அர்த்தம். எங்க, சொல்லுங்க." நல்லம்மாள் கிளிப்பிள்ளை போல் சொன்னாள். பாவாயியும் சொன்னாள். அவள் இந்தி பேசியது எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் வந்தது, ஆனால் நாக்கு அவ்வளவு புரளவில்லை.

மாசி 10, சனி

ஹரித்துவார். இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

கங்கையில் முழுகினோம். தண்ணீர் எலும்பில் குத்தியது. ஈரம் காயும் முன்னே நேகியின் ஷெட்டுக்குப் போய்விட்டோம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பளித் தொப்பி. சேகரோடு ஒரு கும்பிடு, அவ்வளவுதான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். அடுப்புக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். படுக்கையில் படுத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாலு நாற்காலி போடச் சொல்லிப் பெரியவர்களை உட்காரவைத்தார். சேகரையும் பூங்கொடியையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

முதலில் என்னைக் கேட்டார். "பகுத் அச்சா" என்றேன். நல்லம்மாளும் அதையே சொன்னாள். பிறகு பாவாயியைப் பார்த்தார்.

பாவாயி அத்தியப்பன் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில் தொடங்கினாள்.

"இவருகிட்டச் சொல்லுங்கண்ணா. வண்டி நல்ல வண்டி. என்ற மவன் கட்டுனது. தொட்டில்ல படுத்த மாதிரி தூங்குனோம். ஆனாக் கக்கூசு சரியில்ல."

அத்தியப்பன் வாயைத் திறந்தபடி இருந்தான். "ஏம்மா பாவாயி, இத எப்பிடி நான்..."

"சொன்னதச் சொன்னபடி சொல்லுங்க. இவரு வண்டியில வாரதெல்லாம் என்னைய மாதிரிக் கெழவிங்க. அதுகளுந் தண்ணி குடிக்காமப் படுத்துக்கிட்டா யாரு பாக்கறது?"

தூரத்தில் சேகர் தலையைக் குனிந்துகொண்டான். பாவாயி குறைகளை அடுக்க, அத்தியப்பன் ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னான். பிடி, தாழ்ப்பாள், குழாய், கொக்கி. நேகி விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன நாளு அதுல போனீங்கன்னு கேக்குறாரு."

"ஆறு நாளு" என்றாள் பாவாயி. "அதுக்கு முன்னால அதுக்குள்ள வெங்காயம் இருந்துச்சு. சாமி படம் மாட்டுனதால பூட்டிட்டோம்."

பூட்டிட்டோம் என்றாள். யார் பூட்டியது என்று சொல்லவில்லை. அத்தியப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனிடம், "நாந்தான் பூட்டுனேன்னு சொல்லு" என்றேன். அவன் சொன்னான்.

நேகி முதலில் விழித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவருடைய பஸ்களில் வருகிறவர்களும் இப்படித்தானாம். சாமி படத்தை எங்கேயாவது மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் கால் நீட்ட மாட்டேன் என்பார்களாம். மூட்டை வைக்க இடம் தேடுவார்களாம். மலைப்பாதையில் தண்ணீர் குடிக்காமல் வந்து மயங்கி விழுந்த அம்மாக்களை அவரே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாராம். இதுவரை வண்டி கொண்டுவந்து காட்டிய எல்லாரும் பகுத் அச்சா என்றார்களாம். ஒருவரும் இதைச் சொல்லவில்லையாம்.

அவர் எழுந்து சேகரைக் கூப்பிட்டார். அத்தியப்பன் சத்தமாகவே தமிழில் சொன்னான். "சாமிக்கு மொதல்லயே ஒரு எடம் வெச்சிருவியாம். மூட்டைக்கு ஒரு எடம் வெப்பியாம். கக்கூச உங்கம்மா சொல்ற மாதிரி மாத்துவியாம். அப்பிடி மொதல்ல ரெண்டு வண்டி. சீசன் நல்லாப் போனா மீதி ரெண்டு."

"ரெண்டா?" என்றான் சேகர். அவன் குரல் சின்னப் பையன் குரல் போல் இருந்தது. "இப்பவே அளவு எடுக்கட்டுங்களா?"

நேகி தலையாட்டினார். சேகர் ஷெட்டில் யாரிடமோ ஒரு சாக்கட்டி வாங்கி வந்தான். பாவாயி வண்டிக்குள் ஏறினாள். கக்கூஸ் கதவை விரியத் திறந்து வைத்து, மூடியின் மேல் சீலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கூச்சமே இல்லை. எதிரில் நேகியும் அவருடைய மெக்கானிக்குகளும் நின்றார்கள். அவள் எழுவதற்குக் கையை நீட்டினாள். கை சுவரில் எங்கே பட்டதோ அங்கே சேகர் முழங்கால் போட்டு ஒரு கோடு கிழித்தான். "இன்னுங் கொஞ்சம் கீழ சாமி" என்றாள். அதை அழித்துவிட்டு மறுபடி கிழித்தான். தாழ்ப்பாளுக்கு ஒரு கோடு. குழாய்க்கு ஒரு கோடு. சுவர் நிறையக் கோடு. அம்மாவும் மகனும் இத்தனை நேரம் சேர்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு ஷெட்டுக்கு வெளியே கொஞ்சம் பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு என் பேச்சு தெரியாது. ஆனாலும் சொன்னேன். "அது என்ற மவன். அது என்ற சம்சாரம்." ஒருவர் தலையாட்டினார். இன்னொருவரிடமும் சொன்னேன்.

உள்ளேயிருந்து பாவாயி சத்தம் போட்டாள். "அங்க நின்னு என்ன பேச்சு? இங்க வந்து உக்காந்து பாருங்க. நீங்க மட்டும் என்ன எளந்தாரியா?"

எல்லார் முன்னாலும் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கையை நீட்டினேன். சேகர் எனக்கும் ஒரு கோடு போட்டான். அவளுடைய கோட்டுக்கு நாலு விரல் மேலே இருக்கிறது.